லாரி பார்க்கிங்ல எச்ஐவி டெஸ்ட் கேம்ப் போட்டா டிரைவருங்க யாருமே வரமாட்டேங்கறாங்க, என்ன பண்றது?

கொங்குப்பையன் எழுதியது:

எல்லாத்துக்கும் வணக்கமுங்க. நான் எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி படிப்பு) முடிச்சுட்டு நாமக்கல் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்துல அவுட்ரீச் ஒர்க்கரா சேர்ந்திருக்கேன், லாரி டிரைவர் கிளீனர்களுக்கான எச்ஐவி தடுப்பு ப்ராஜெக்ட். வேலை என்னன்னா பார்க்கிங், புக்கிங் ஆபீஸ், பட்டறை பக்கமெல்லாம் போய் பேசறது, காண்டம் குடுக்கறது, டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டு வர்றது, அவ்வளவுதான், கேக்க ஈஸியாத்தான் இருக்குது.

பிரச்சனை டெஸ்ட்லதான். கேம்ப் போடறோம்ங்க. காலையில பத்து மணிக்கு பந்தல், சேர், மைக், சிவப்பு எழுத்துல "எய்ட்ஸ் இலவச பரிசோதனை முகாம்"னு பெருசா பேனர். மைக்ல பேச ஆரம்பிச்சதும் டிரைவருங்க எல்லாம் கேபின் கதவைச் சாத்திட்டு படுத்துக்கறாங்க. சின்னப் பசங்க, கிளீனருங்க, ரெண்டு பேர் மூணு பேரா வந்து ஒருத்தனை ஒருத்தன் தள்ளிவிட்டு சிரிச்சுட்டு காண்டம் பாக்கெட்ட எடுத்துட்டு ஓடிர்றானுங்க. கடைசியில டெஸ்ட் பண்ணிக்கறது யாருன்னா டீக்கடைக்காரர், வாட்ச்மேன், பஞ்சர் கடை அண்ணன், இவங்கதான், அதுவும் பாவம் பையன் வெயில்ல நிக்கறானேன்னு எனக்காக விரல நீட்டறாங்க. ரிப்போர்ட்ல நம்பர் வந்துருது, ஆனா யாருக்காக கேம்ப் போட்டோமோ அவன் உள்ள படுத்திருக்கான்.

இதுல இன்னொன்னு. நெறைய வண்டி வெச்சிருக்கற ஒரு ஓனர் சொல்றார், "என் டிரைவருங்களை பூராத்தையும் லைன்ல நிறுத்தறேன் தம்பி, நீ ரத்தம் எடுத்துக்கோ, ஆனா யாருக்கு இருக்குதுன்னு லிஸ்ட் என் கையில குடுத்துரோணும்"னு. ஆபீஸ்ல ஒருத்தர் இதுக்கு அரை மனசா தலையாட்டறார், டார்கெட் ஒரே நாள்ல முடியும்ல. எனக்கு இது சரியா படல, ஆனா ஏன் தப்புன்னு அவருகிட்ட நின்னு பேச விசயம் பத்தல.

மூணாவது, இது யாருகிட்டயும் சொல்லாதது, ஒருவேளை அந்த இடத்துலயே ஒருத்தருக்கு கோடு ரெண்டு வந்துட்டா நான் என்ன சொல்லோணும்? ட்ரெயினிங்ல சொல்லிக் குடுத்தாங்க, ஆனா எதிர்ல ஆள் நிக்கறப்ப அதெல்லாம் வாயில வருமான்னு தெரியல. இந்த வேலை பாத்தவங்க, டிரைவருங்க, யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

---

பழைய கவுன்சிலர் எழுதியது:

தம்பி, நான் அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துல, அதாவது எச்ஐவிக்கு ஆலோசனை சொல்லி டெஸ்ட் பண்ற இடத்துல, ரொம்ப வருஷம் கவுன்சிலரா இருந்து இப்ப வீட்டுல இருக்கேன். உங்க ரெண்டாவது கேள்வியை மொதல்ல எடுத்துக்கறேன், ஏன்னா அதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல.

லிஸ்ட் குடுக்கக் கூடாது. ஓனருக்கு மட்டுமில்ல, பொண்டாட்டி வீட்டுக்காரங்க, சங்கத் தலைவர், யாருக்கும். எச்ஐவி எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017ல நிறைவேறி 2018 செப்டம்பர் 10ல இருந்து அமல்ல இருக்கு. சம்பந்தப்பட்டவர் விவரம் தெரிஞ்சு சம்மதிக்காம டெஸ்ட் எடுக்கக் கூடாது, வேலை குடுக்கவோ வேலையில வெச்சுக்கவோ டெஸ்ட்டை நிபந்தனையாக்கக் கூடாது, எச்ஐவி இருக்குங்கறதுக்காக வேலையை விட்டு எடுக்கக் கூடாது, எல்லாமே அதுல இருக்கு. ஓனர் லைன்ல நிறுத்தினா அது சம்மதமே கிடையாது, சம்பளம் குடுக்கறவன் எதிர்ல எவன் வேண்டாம்னு சொல்லுவான். இதை உங்க ஆபீஸ்ல அப்படியே சொல்லுங்க, சட்டம்னு சொன்னா தலையாட்டுறது நிக்கும். ஓனர்கிட்ட மட்டும் வேற மாதிரி பேசுங்க, அவரைப் பகைச்சுக்கிட்டா பார்க்கிங்குக்குள்ளயே விடமாட்டாங்க. "லிஸ்ட் குடுத்தா அடுத்த நாளே பாதிப் பேர் வேற கம்பெனிக்குப் போயிருவான், உங்களுக்குத்தான் ஆள் பத்தாது, இடம் மட்டும் குடுங்க, டிரைவர் உடம்பு நல்லாருந்தா வண்டி ஓடும்"னு சொல்லிப் பாருங்க. எங்க பக்கம் இது வேலை செஞ்சிருக்கு.

இப்ப பேனர். அந்த எழுத்தைப் பாத்துட்டு பந்தலுக்குள்ள ஒருத்தன் நடந்து வர்றான்னா சுத்தி நிக்கறவனுக்கெல்லாம் "எனக்கு சந்தேகம் இருக்கு"ன்னு அறிவிச்சுட்டு வர்றதாதான அர்த்தம்? எவன் வருவான்? இந்த முத்திரை இன்னைக்கு நேத்து விழுந்ததில்ல. 1986ல சென்னையில டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி நிர்மலாவும் நாட்டுலயே முதல் தடவையா இதைக் கண்டுபிடிச்சாங்க, பாலியல் தொழில் செஞ்ச பெண்கள்கிட்ட எடுத்த ரத்தம் அது. அன்னையில இருந்தே இது "அவங்க" நோய், "நம்ம" நோய் இல்லைன்னு ஊர் ஒதுக்கி வெச்சிருச்சு. அப்புறம் மண்டையோடு போட்ட போஸ்டர் ஒட்டி பயமுறுத்துனோம். பயந்தாங்க, உண்மை, ஆனா நோயைப் பாத்து இல்ல, நோய் வந்தவனைப் பாத்து. "புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?"ன்னு வந்த விளம்பரம் ஞாபகம் இருக்கறவங்க இருப்பீங்க, ஊரெல்லாம் பேச வெச்சதுல அது பெரிய விஷயம்தான், ஆனா புள்ளி ராஜான்னு பேர் இருக்கற பையனுங்க ஸ்கூல்ல என்ன பாடு பட்டிருப்பாங்கன்னு நான் நெனைச்சதுண்டு.

மூணாவது கேள்வி, நீங்க பயப்படறதே நல்ல அறிகுறிதான். நீங்க விரல்ல குத்திப் பாக்கறது ஸ்கிரீனிங் மட்டும். அதுல கோடு வந்தா "ரியாக்டிவ்", அவ்வளவுதான். பாசிட்டிவ்னு உங்க வாயில வரவே கூடாது, உங்களுக்கு அந்த அதிகாரமும் இல்ல. நம்பிக்கை மையத்துல வேற வேற கிட்ல சேத்து மொத்தம் மூணு டெஸ்ட்லயும் வந்தாதான் உறுதி. நீங்க சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "அண்ணே, இந்த டெஸ்ட்ல இன்னும் கொஞ்சம் பாக்கணும்னு காட்டுது, இதை வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது, பெரிய டெஸ்ட்டுக்கு நானே கூட வர்றேன், எப்ப கெளம்பலாம்?" அந்த "நானே கூட வர்றேன்" இருக்கு பாருங்க, அதுதான் உங்க வேலை. சீட்டு எழுதி கையில குடுத்து போயிட்டு வாங்கன்னு அனுப்பினா பாதிப் பேர் பஸ் ஸ்டாண்டோட திரும்பிருவாங்க. நைட்டு லோடு எடுக்கறவனா இருந்தா அவன் திரும்பி வர்ற தேதியைக் கேட்டு வெச்சுக்கங்க, சும்மா போன் பண்ணி "ரிசல்ட் ரிசல்ட்"னு குடையாதீங்க, போனை கிளீனர் எடுப்பான்.

நெகட்டிவ் வந்தவங்களையும் கவனிக்கணும், இதை எல்லாரும் விட்டுடறாங்க. போன வாரம் எங்கயோ போயிட்டு இன்னைக்கு நெகட்டிவ்னு சந்தோஷமா போவான், ஆனா விண்டோ பீரியட், அதாவது தொத்தியும் டெஸ்ட்ல தெரியாத காலம், முடிஞ்சிருக்காது, மூணு மாசம் கழிச்சு ஒரு தடவை பாத்தாதான் அந்த நெகட்டிவுக்கு அர்த்தம். அதோட உடலுறவுல பரவற சிபிலிஸுக்கும் டெஸ்ட் சேத்து பண்ணுங்க, அது குணமாகற வியாதி, யாரும் பாக்காததாலதான் கெடக்கு.

---

பத்துச்சக்கரம் எழுதியது:

நான் டிரைவருங்க. நேஷனல் பர்மிட் வண்டி, சேலம் டூ குவாஹாத்தி வரைக்கும் அடிச்சாச்சு. தம்பி எழுதுனதைப் படிச்சு எனக்கு சிரிப்புதான் வந்துச்சு, கோவிச்சுக்காதீங்க. பகல் பத்து மணிக்கு டிரைவர் எதுக்குங்க பார்க்கிங்ல இருக்கான்? ராத்திரி பூரா ஓட்டிட்டு வந்திருக்கான், தூங்கத்தான் இருக்கான். நீங்க மைக் போட்டா உங்களை திட்டிட்டு கதவைச் சாத்துவான், அவனுக்கு எய்ட்ஸும் தெரியாது ஒண்ணும் தெரியாது, தூக்கம் போச்சேன்னு கோவம்.

சாயந்தரம் ஆறு மணிக்கு மேல வாங்க. குளிச்சுட்டு, வண்டி ஓரமா ஸ்டவ் பத்த வெச்சு சோறு ஆக்கிட்டு, அடுத்த லோடு எப்போன்னு புக்கிங் ஆபீஸ்காரன் போனுக்கு காத்துட்டு இருப்போம். அந்த நேரம் எங்களுக்கு வேலையே இல்ல, யாரு வந்து பேசினாலும் பேசுவோம். ரெண்டு நாள் மூணு நாள் லோடு இல்லாம ஹால்ட் போட்டவன் இன்னும் நல்லா பேசுவான்.

அடுத்தது, எச்ஐவிக்குன்னு தனியா வராதீங்க. கண் டெஸ்ட், சுகர், பிரஷர், இதோட வாங்க. கண்ணுன்னா எல்லா டிரைவரும் வருவான், ராத்திரி எதிர்ல வர்ற லைட்டு கூசுதுன்னு சொல்லாத டிரைவரே கெடையாது. சுகருக்கு விரல்ல குத்தறப்ப அதோட இதையும் பாத்துக்கறீங்களாண்ணான்னு தனியா கேளுங்க, சொல்லிட்டு பண்ணுங்க, சொல்லாம பண்ணிராதீங்க, ஒருத்தனுக்கு தெரிஞ்சா போதும் டெல்லி வரைக்கும் எல்லா தாபாவுக்கும் சேதி போயிரும். நான் எங்க பசங்ககிட்ட எப்படி சொல்லுவேன்னா, வண்டிக்கு எஃப்சி காட்டறோம்ல, காட்டாம ஓட்டுனா எங்கயாச்சும் நட்டாத்துல நிக்கும்ல, அதாட்ட உனக்கும் ஒரு எஃப்சி எடுத்துக்கோடான்னுதான். கப்புனு புரிஞ்சுக்குவானுங்க.

இன்னொரு விசயம். சொந்த ஊர்ல எவனும் டெஸ்ட் எடுக்க மாட்டான். லேப்ல வேலை பாக்கற புள்ள பக்கத்துத் தெருவா இருக்கும். வேற ஸ்டேட்ல, யாருன்னே தெரியாத எடத்துல எடுத்துக்குவான். முன்னால ஹைவேல பெரிய பெரிய பார்க்கிங் பக்கம் குஷி கிளினிக்னு வெச்சிருந்தாங்க, லாரிக்காரங்களுக்குன்னே, நான் அங்க காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கியிருக்கேன், எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி போர்டு இருக்கறதால எங்க போனாலும் அடையாளம் தெரியும், கேள்வி கேட்டு கொல்ல மாட்டாங்க. அதனால நாமக்கல்காரனை நாமக்கல்ல தேடாதீங்க, வெளியூர் வண்டி நிக்குதுல்ல, ஆந்திரா ராஜஸ்தான் வண்டிக்காரங்க, அவங்ககிட்டயும் பேசுங்க, கொஞ்சம் இந்தி தெரிஞ்சவனா கூட்டிட்டு போங்க.

எங்காளுங்க மண்டையில சில நம்பிக்கை இருக்குதுங்க, அதையும் தெரிஞ்சுக்கோங்க. இஞ்சின் சூட்டுல உக்காந்து ஓட்டறதால உடம்புல சூடு ஏறிப்போவுது, அதை எறக்காட்டி வெட்டை (மூத்திரத்துல எரிச்சலும் சீழும் வர்ற நோய்) வந்துரும், அதுக்காகத்தான் பொண்ணுங்ககிட்ட போறோம்னு வயசானவங்க இன்னும் சொல்றாங்க. சிரிக்காதீங்க, சிரிச்சா அப்புறம் பேச மாட்டாங்க. தண்ணி குடிக்காம மணிக்கணக்கா ஓட்டறதால மூத்திர எரிச்சல் வருதுங்கறது நெசம், அதை மொதல்ல பேசுங்க, அதுல இருந்து மெதுவா அடுத்த விசயத்துக்கு வாங்க.

கடைசியா, உங்க கூட எங்காளு ஒருத்தன் வேணும். ஒழுக்க சீலனா தேடாதீங்க, அவன் சொன்னா எவனும் கேக்க மாட்டான். நல்லா ஆடி அடங்கி இப்ப டயர் கடையோ டீக்கடையோ வெச்சிருப்பான்ல பழைய டிரைவர், அவனைப் புடிங்க.

---

கொங்குப்பையன் எழுதியது:

அண்ணா, மேடம், ரொம்ப நன்றிங்க. சாயந்தரம்ங்கறது இவ்வளவு நாளா எங்க யாருக்குமே தோணல, எங்க ஆபீஸ் டைம் ஒன்பதரை டூ அஞ்சரை, அதுதான் காரணம் வேற ஒண்ணுமில்ல.

ஒரு சந்தேகம். ஒருத்தருக்கு உறுதியாகி மருந்து ஆரம்பிச்சாலும் மாசத்துல இருவது நாள் ரோட்டுல இருக்கறவர் மாசாமாசம் ஏஆர்டி (எச்ஐவி மருந்து) சென்டருக்கு எப்படி வருவார்? ரெண்டு பேர் இதைச் சொல்லித்தான் டெஸ்ட்டே வேண்டாம்னாங்க, "தெரிஞ்சு என்ன பண்றது, மருந்து வாங்கவா வேலையை விடறது"ன்னு.

---

வேப்பமரம் எழுதியது:

எனக்கு ஒண்ணு புரியல. இப்பல்லாம் எய்ட்ஸ் எங்க இருக்கு? அது தொண்ணூறுகள்ல பேசுனது. ஃபண்டு வருதுன்னு இன்னும் ப்ராஜெக்ட் நடத்திட்டு இருக்கீங்க. அப்படியே இருந்தாலும் கல்யாணத்துக்கு முன்னாடி எல்லாருக்கும் கட்டாய டெஸ்ட்னு சட்டம் போட்டா ஒரே வருஷத்துல முடிஞ்சு போயிரும், இதுக்கு எதுக்கு ராத்திரியில லாரி லாரியா ஏறி எறங்கணும்?

---

பழைய கவுன்சிலர் எழுதியது:

வேப்பமரம், நாட்டுல இப்ப சுமார் 25 லட்சம் பேர் எச்ஐவியோட இருக்காங்க. உங்க கண்ணுக்குத் தெரியாததுக்கு காரணம் மருந்து. மாத்திரை போட்டுட்டு உங்க பக்கத்து சீட்டுல வேலை பாத்துட்டு இருப்பாங்க. கட்டாய டெஸ்ட்டுன்னா கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்துலயே நூறு ரூபாய்க்கு நெகட்டிவ் சர்ட்டிபிகேட் குடுக்கற கடை தொறந்துரும், அதுவும் போக தாலி கட்டறதுக்கு முன்னாடி எடுத்த டெஸ்ட்டு கட்டுனதுக்கு அப்புறம் நடக்கறதுக்கு எப்படிங்க பொறுப்பாகும்? ரெண்டு பேரும் விருப்பப்பட்டு போய் எடுத்துக்கட்டும், நல்லதுதான், நானே எத்தனையோ ஜோடிக்கு பாத்திருக்கேன்.

தம்பி, மருந்து விஷயம். 2004 ஏப்ரல் 1ல அரசு இலவசமா ஏஆர்டி ஆரம்பிச்சப்போ தாம்பரம் சானட்டோரியம் அந்த முதல் எட்டு சென்டர்ல ஒண்ணு, ராத்திரியே வந்து வராண்டாவுல படுத்திருந்து வாங்கிட்டுப் போவாங்க. அப்ப சிடி4, அதாவது ரத்தத்துல நோய் எதிர்ப்பு அணு எண்ணிக்கை, 200க்கு கீழ போனாதான் மருந்தே. 2017ல இருந்து அந்தக் கணக்கு இல்ல, உறுதியான உடனே மருந்து. நெறையப் பேருக்கு இப்ப ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாத்திரை. உடம்பு ஸ்டெடியா இருந்தா மூணு மாசத்துக்கு சேத்து வாங்கிக்கலாம், வேற ஊருக்கே போறவங்க அந்த ஊர் சென்டருக்கு மாத்திக்கலாம். டிரைவர்னு அவங்க சென்டர்ல வாயத் தொறந்து சொல்லணும், சொன்னா வழி பண்ணுவாங்க. சொல்ல கூச்சப்பட்டா பக்கத்துல நின்னு நீங்க சொல்லுங்க.

---

சேலத்து அக்கா எழுதியது:

நான் பாசிட்டிவ். இங்க பேர் போடாம எழுதறேன், ஆனா எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும், இப்ப அதைப் பத்தி எனக்கு கவலையும் இல்ல. எங்களை மாதிரி எச்ஐவியோட வாழறவங்க சேந்து நடத்தற பாசிட்டிவ் நெட்வொர்க்ல களப்பணி பாக்கறேன்.

எங்க வீட்டுக்காரரும் லாரி டிரைவர்தான். நான் மாசமா இருந்தப்போ தனியார் ஆஸ்பத்திரி ஒண்ணுல ரத்தம் எடுத்தாங்க, எதுக்குன்னு சொல்லல, ரிசல்ட்டை எங்கிட்ட சொல்லல, மாமியார்கிட்ட சொன்னாங்க. பிரசவத்துக்கு இங்க வேண்டாம்னுட்டாங்க. அன்னைக்கு என்னைய வீட்டுல என்னவெல்லாம் பேசினாங்கன்னு இங்க எழுத முடியாது, ஆனா ஒண்ணு, அவரை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. பெரியாஸ்பத்திரியில பிரசவம் ஆச்சு, வலி எடுக்கறப்ப எனக்கு ஒரு மாத்திரை, பொறந்ததும் குழந்தைக்கு ஒரு சொட்டு மருந்து, அப்ப அதுதான் இருந்துச்சு. பதினெட்டு மாசம் கழிச்சு டெஸ்ட் பண்ணிதான் குழந்தைக்கு இல்லைன்னு உறுதியா சொன்னாங்க, அந்த பதினெட்டு மாசமும் நான் தூங்கல. இப்ப ஆறாவது வாரத்துலயே குழந்தையோட ரத்தத்தை அட்டையில சொட்டு விட்டு அனுப்பி பாத்துடறாங்க. மாசமா இருக்கற அம்மா ஒழுங்கா மருந்து சாப்பிட்டா குழந்தைக்குப் போகாம தடுக்கறது இன்னைக்கு பெரும்பாலும் முடியற காரியம். என் பையன் இப்ப காலேஜ் படிக்கறான். அவங்கப்பா இல்ல, அவர் கடைசி வரைக்கும் டெஸ்ட்டே எடுக்கல, எடுத்திருந்தா மருந்து வந்துட்டிருந்த நேரம்தான் அது.

எதுக்கு சொல்றேன்னா தம்பி, நீங்க பார்க்கிங்க மட்டும் பாத்துட்டு இருக்கீங்க. அந்த வண்டி திரும்பிப் போற வீட்டுல ஒருத்தி இருக்கா. அவ எந்த ஹாட்ஸ்பாட் லிஸ்ட்டுலயும் வரமாட்டா. அவளுக்கு மாசமாகற அன்னைக்குத்தான் டெஸ்ட்டு, நடுவுல எத்தனை வருஷம் ஆனாலும் யாரும் கேக்கறதில்ல. டிரைவருங்க குடியிருக்கற ஏரியாவுல மகளிர் குழு கூட்டம் நடக்கும், அங்க யாராவது ஒரு பொம்பளைய பேசச் சொல்லுங்க. வீட்டுக்காரர் மேல சந்தேகப்படுங்கன்னு பேசக் கூடாது, சண்டையாயிரும், அடி வாங்கறது அவதான். ரத்தக்குறைவு, சுகர், கர்ப்பப்பை வாய் புத்துநோய், இதோட சேத்து பேசணும்.

டெஸ்ட்டுக்கு வரமாட்டேன்னு சொல்றவனுக்கு உள்ள இருக்கற பயம் சாவு இல்ல தம்பி, நான் பாத்தவரைக்கும். பொண்டாட்டிகிட்ட எப்படி சொல்றது, புள்ளைங்கள தொடலாமா, தட்டு தம்ளர் தனியா வெக்கணுமா, இதுதான். மருந்து ஒழுங்கா சாப்பிட்டு வைரஸ் அளவு கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு கீழ போயி அப்படியே நின்னுட்டா உடலுறவுல கூட அடுத்தவங்களுக்கு பரவாதுன்னு உலகம் பூரா ஆராய்ச்சி பண்ணி சொல்லிட்டாங்க. இதை டெஸ்ட்டுக்கு அப்புறம் சொல்றாங்க எல்லாரும். டெஸ்ட்டுக்கு முன்னாடி சொல்லுங்க. அப்ப விரல நீட்டுவான்.

எங்க நெட்வொர்க்ல இருந்து ஆள் வேணும்னா வருவோம். மைக்ல பேச இல்ல, அப்படி ஒரு காலத்துல எங்களை மேடையில நிறுத்தி "பாருங்க இவங்களுக்கு எய்ட்ஸ்"னு காட்டுவாங்க, அதுக்கு வரமாட்டோம். பக்கத்துல உக்காந்து டீ குடிச்சுட்டு பேசறதுன்னா வர்றோம்.

---

விழுப்புரம் மதி எழுதியது:

அக்கா எழுதினதுல அந்த மேடை விஷயம் நூத்துக்கு நூறு உண்மை. நான் திருநங்கை, பியர் எஜுகேட்டரா, அதாவது எங்க ஆளுங்களுக்கு நானே எடுத்துச் சொல்ற வேலை பாக்கறேன். நீங்க எல்லாரும் லாரிக்காரரைப் பத்தியே பேசறீங்க, அதே ஹைவேல இருட்டுல நிக்கறது நாங்க. எங்களுக்கு தனி ப்ராஜெக்ட், லாரிக்கு தனி ப்ராஜெக்ட், ரெண்டு ஆபீஸும் பேசிக்கறதே இல்ல, ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு ரெண்டும் ஒரே எடத்துல தான் நிக்குது!

எங்க ஆளுங்க எப்படி டெஸ்ட்டுக்கு வந்தாங்கன்னு சொல்றேன் கேளுங்க. சித்திரையில கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு நாடு பூரா இருந்து திருநங்கைங்க வருவாங்க, அங்க டெஸ்ட்டு, காண்டம், கவுன்சிலிங்னு ஸ்டால் போடறது வருஷா வருஷம் நடக்கும். வெளி ஆளுங்க உக்காந்திருந்த ஸ்டால்ல கூட்டம் இருக்காது. எங்க குரு ஒருத்தங்க மொத ஆளா போய் எல்லார் முன்னாடியும் விரல நீட்டினாங்க, அப்புறம் அவங்க சேலாங்க, அதாவது சிஷ்யைங்க, பூரா வரிசையில நின்னாங்க. அவங்க ஒரு வார்த்தை பேசல. எங்க ஜமாத்ல (திருநங்கைங்க கூட்டத்துல) பெரியவங்க செஞ்சா அது செய்யலாம்னு அர்த்தம்.

இது நாங்க கண்டுபிடிச்சதும் இல்ல. 1992ல கொல்கத்தா சோனாகாச்சியில டாக்டர் ஸ்மரஜித் ஜானா பாலியல் தொழில் செய்யற பெண்களையே பியர் எஜுகேட்டரா வெச்சு ஆரம்பிச்சார், காண்டம் போடாத கஸ்டமரை ஒருத்தி திருப்பி அனுப்பினா அவன் பக்கத்து வீட்டுக்குப் போவான், எல்லாரும் சேந்து திருப்பி அனுப்பினாதான் நடக்கும்னு அவங்களே பேசி முடிவு பண்ணாங்க, அப்புறம் அவங்களே துர்பார்னு சங்கம் வெச்சு ப்ராஜெக்ட்டையே அவங்க கையில எடுத்துட்டாங்க. வெளிய இருந்து வந்து அட்வைஸ் பண்ணி எங்கயும் நடந்ததில்லம்மா.

கொங்குப்பையா, ஒரு வேலை பண்ணு. உங்க பார்க்கிங் பக்கம் நிக்கற திருநங்கைங்க, பொண்ணுங்க, அவங்ககூட வேலை பாக்கற ப்ராஜெக்ட்காரங்களோட பேசி ஒரே ராத்திரியில ரெண்டு பேரும் வாங்க. காண்டம் கிழிஞ்சு போச்சுன்னு பயந்து வர்றவங்ககிட்ட 72 மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரி போனா எச்ஐவி தொத்தாம தடுக்கற பெப் மருந்து இருக்கு, 28 நாள் சாப்பிடணும்னு சொல்லுங்க, எவ்வளவு சீக்கிரம் போறாங்களோ அவ்வளவு நல்லது, இது லாரிக்காரங்க முக்கால்வாசி பேருக்கு தெரியவே தெரியாது. அப்புறம் 1097, இலவச நம்பர், தமிழ்லயே பேசலாம், பேர் கேக்க மாட்டாங்க. நோட்டீஸ் குடுத்தா கீழ போட்டுருவாங்க, போன்ல சேவ் பண்ணிக் குடு, "மெக்கானிக்"னு பேர் போட்டு சேவ் பண்ணிக் குடு.

---

பத்துச்சக்கரம் எழுதியது:

மெக்கானிக்னு சேவ் பண்றது சூப்பருங்க.

தம்பி, வியாழக்கெழமை சாயந்தரம் நான் ஊர்ல இருப்பேன், எனக்கு தனியா செய்தி அனுப்புங்க, டயர் கடை அண்ணன் ஒருத்தர் இருக்கார், பேசி வெக்கறேன். கண் டெஸ்ட்டுக்கு ஆள் ஏற்பாடு பண்ணுங்க. அந்த சிவப்பு பேனரை மட்டும் ஆபீஸ்லயே விட்டுட்டு வாங்க சாமி.

---

கொங்குப்பையன் எழுதியது:

அனுப்பறேங்ணா. ஓனர்கிட்டயும் பேசிட்டேன், சட்டம்னு சொன்னதுக்கு மொறைச்சார், ஆள் போயிருவான்னு சொன்னதுக்கு யோசிச்சார். ஷெட்டுக்கு பின்னாடி ரூம் ஒண்ணு தர்றேன்னு சொல்லியிருக்கார், லிஸ்ட் பேச்சு மறுபடி எடுக்கல, எடுத்தா பாத்துக்கறேன். சேலத்து அக்கா, உங்களுக்கும் தனியா எழுதறேன், டீ குடிக்க வாங்க.

ராத்திரி டெஸ்ட் பண்ணா கிட்ல எதாச்சும் பிரச்சனை வருமா? எங்க லேப் டெக்னீஷியன் ஆறு மணிக்கு மேல வந்து பழக்கமில்லைன்னு இழுக்கறார்.

---

லேப் ரவுண்ட்ஸ் எழுதியது:

நானும் லேப் டெக்னீஷியன் தான், நைட் கேம்ப் நெறைய போயிருக்கேன். கிட்டுக்கு பகலும் ராத்திரியும் ஒண்ணுதான், வெயில்ல வண்டி டேஷ்போர்டு மேல வெச்சுக் கொண்டு போறதுதான் அதைக் கெடுக்கும், கவர் மேல போட்டிருக்கற டெம்பரேச்சர பாத்துட்டு பெட்டியில வெச்சு எடுத்துட்டு போங்க, எக்ஸ்பயரி தேதியையும் அங்க போய் பாக்காம ஆபீஸ்லயே பாத்துருங்க. கவர்ல எத்தனை நிமிஷத்துல படிக்கணும்னு இருக்கோ அத்தனை நிமிஷத்துல படிங்க, பேச்சு சுவாரஸ்யத்துல அரை மணி நேரம் கழிச்சு பாத்தா இல்லாத கோடெல்லாம் வரும். குத்துன ஊசியைப் போட மூடி வெச்ச டப்பா மறக்காம வேணும், பார்க்கிங்ல செருப்பில்லாம நடக்கற ஆளுங்க இருக்காங்க. முக்கியமா நல்ல வெள்ளை லைட்டு ஒண்ணு எடுத்துட்டு போகச் சொல்லுங்க, ஷெட்டு பின்னாடி ரூம்ல எப்படியும் மஞ்ச பல்புதான் இருக்கும், அதுல மங்கலான கோடு கண்ணுக்கு தப்பிரும், செல்போன் டார்ச்ச ஒருத்தர் புடிச்சுட்டு நின்னா ரிசல்ட்ட ரெண்டு பேர் பாத்த மாதிரி ஆயிரும், ரகசியம் போயிரும்.